மெயில் தவறான கணக்கிலிருந்து போகிறதா? அவுட்லுக் மேக்ரோவில் எங்கே பார்ப்பது

அலுவலகக் கணக்கு, சொந்தக் கணக்கு, விசாரணைகளுக்கென்று ஒரு பொது முகவரி என மூன்று நான்கை ஒரே அவுட்லுக்கில் வைத்திருப்பவர்கள், புது மெயில் குறிப்பிட்ட கணக்கிலிருந்தே திறக்கட்டும் என்று ஒரு சின்ன மேக்ரோ, அதாவது அவுட்லுக்குக்குள் ஓடும் ஒரு குட்டி நிரல், போட்டுக்கொள்வார்கள். பத்து வரிகூட வராது. அந்தப் பத்து வரியை எத்தனை கணினிகளில் சரிசெய்திருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை. கணக்கைத் தேர்ந்தெடுக்கும் வரியில் கோளாறு இருந்தது குறைவு. மேக்ரோ ஓடியே இருக்காது, அல்லது அது தேடும் முகவரி அவுட்லுக்கின் பார்வையில் கணக்கே அல்ல. அதனால் கோடை, அதாவது மேக்ரோவின் நிரல் வரிகளை, திருத்தப் போகுமுன் உங்கள் அறிகுறி எதுவென்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

கட்டளைப் பெயர்களைக் காதில் விழுகிறபடி எழுதியிருக்கிறேன். மேக்ரோவை எழுதும் எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், நான் சேர்த்து எழுதிய பெயருக்குள் இடைவெளி விடக் கூடாது.

மேக்ரோ இல்லாமலே தீருமா?

இதை முதலில் கேளுங்கள். இன்பாக்ஸ் எந்தக் கணக்குடையதோ அதிலிருந்தே புது மெயிலைத் திறப்பது அவுட்லுக்கின் வழக்கம். 'நான் எந்த ஃபோல்டரில் இருந்தாலும் முதன்மைக் கணக்கிலிருந்தே போகட்டும்' என்பதுதான் உங்கள் தேவை என்றால் மேக்ரோவே வேண்டாம். ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய் 'சென்ட் மெசேஜஸ்' பகுதியில், புது மெயிலுக்கு எப்போதும் முதன்மைக் கணக்கையே பயன்படுத்தச் சொல்லும் கட்டத்தை டிக் செய்தால் போதும். என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு இதோடு வேலை முடிந்துவிட்டது. முதன்மை அல்லாத ஒரு கணக்கு வேண்டும், அல்லது ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பொத்தான் வேண்டும் என்றால்தான் மேலே படியுங்கள்.

அறிகுறி 1: பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

*ஆல்ட் எஃப்11 அடித்தாலும் எடிட்டர் திறக்கவில்லை.* திரையின் மேல் வலது மூலையில் 'நியூ அவுட்லுக்' என்ற சுவிட்ச் இருக்கிறதா, அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் விபிஏ (ஆஃபீஸின் மேக்ரோ மொழி) மேக்ரோவுக்கு இடமில்லை. பிரவுசரில் திறக்கும் அவுட்லுக்கிலும் மேக்கில் ஓடும் அவுட்லுக்கிலும் இல்லை. சுவிட்சை அணைத்துப் பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்குக்குத் திரும்பினால் மேக்ரோவும் திரும்பி வரும். யாரோ ஆசைப்பட்டு அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டு, மேக்ரோ அழிந்துவிட்டது என்று பதறிக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அழியவில்லை, எல்லா மேக்ரோவும் விபிஏபிராஜெக்ட் என்ற பெயருள்ள ஓடிஎம் கோப்பில், உங்கள் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கும்.

*எடிட்டர் திறக்கிறது, ஆனால் ஆல்ட் எஃப்8 பட்டியலில் பெயர் இல்லை.* மேக்ரோவின் முதல் வரியைப் பாருங்கள். முன்னால் 'பிரைவேட்' என்று இருந்தாலோ, பெயருக்குப் பின் வரும் அடைப்புக்குள் ஏதாவது எழுதியிருந்தாலோ பட்டியலில் வராது. ஐட்டம்சென்ட் போல, ஏதாவது நடக்கும்போது தானாக ஓடும் நிகழ்வு மேக்ரோக்கள் அந்தப் பட்டியலில் வரவே வராது, அது சகஜம்.

*பட்டியலில் இருக்கிறது, ஓட்டினால் 'மேக்ரோக்கள் முடக்கப்பட்டுள்ளன' என்கிறது.* ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், மேக்ரோ செட்டிங்ஸ். அங்கே வழக்கமாக இருக்கும் தேர்வு, கையொப்பமிட்ட மேக்ரோவுக்கு மட்டும் உங்களைக் கேட்டு மற்றவற்றை ஓசையில்லாமல் தடுத்துவிடும். எல்லா மேக்ரோவுக்கும் கேட்கும்படி மாற்றி, அவுட்லுக்கை முழுதாக மூடித் திறந்து பாருங்கள். மூடாமல் சோதித்துவிட்டு 'அப்பவும் வரலை' என்பவர்கள்தான் அதிகம். எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் ஓடவிடும் கடைசித் தேர்வை மட்டும் தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கேட்பது எரிச்சலாக இருந்தால், ஆஃபீஸோடு வரும் செல்ஃப்செர்ட் என்ற சின்னக் கருவியால் சொந்தமாக ஒரு சான்றிதழ் உண்டாக்கி, எடிட்டரில் டூல்ஸ், டிஜிட்டல் சிக்னேச்சர் வழியாக மேக்ரோவில் ஒட்டிவிடலாம்.

இந்தத் தேர்வுகள் மங்கிப்போய் மாற்றவே முடியவில்லையா? நிறுவனத்தின் கொள்கை அமைப்பு பூட்டியிருக்கிறது என்று பொருள். இனி நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, ஐடி பிரிவுக்குப் போக வேண்டியதுதான்.

*காலையில் ஓடியது, மதியம் நின்றுவிட்டது.* புது மெயில் திறக்கும்போது தானாக ஓடும் வகை மேக்ரோவில் இது அடிக்கடி வரும். அந்த வகை, அவுட்லுக் திறந்ததும் தானாக ஓடும் அப்ளிகேஷன்_ஸ்டார்ட்அப்பில், வித்ஈவென்ட்ஸ் (நிகழ்வுகளைக் கேட்க வைக்கும் சொல்) போட்ட ஒரு மாறியில் அவுட்லுக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நடுவில் எங்கோ ஒரு பிழை வந்து, பிழைப் பெட்டியில் 'எண்ட்' அழுத்தினாலோ, எடிட்டரில் நீலச் சதுரத்தை அழுத்தினாலோ அந்த மாறி காலியாகிவிடும். அதற்கப்புறம் எத்தனை மெயில் திறந்தாலும் மேக்ரோவுக்குச் சேதி போகாது. அப்ளிகேஷன்_ஸ்டார்ட்அப்புக்குள் கர்சரை வைத்து எஃப்5 அடியுங்கள். அவுட்லுக்கை மூடித் திறந்தாலும் அதே பலன்தான். இது வாரத்துக்கு இரண்டு தடவை நடந்தால், மாறியைக் காலி செய்யும் அந்த வேறொரு பிழையைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

அறிகுறி 2: மேக்ரோ ஓடுகிறது, அனுப்புநர் மட்டும் மாறவில்லை

என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது இதுதான்.

நிஜமாகவே ஓடுகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மேக்ரோவின் முதல் வரியில் கர்சரை வைத்து எஃப்9 அடித்தால் ஒரு சிவப்புப் புள்ளி விழும். பொத்தானை அழுத்துங்கள். அந்த வரியில் மஞ்சள் பட்டையோடு நின்றால் ஓடுகிறது. எஃப்8 அடித்து ஒவ்வொரு வரியாக நகருங்கள். நிற்காமல் மெயில் திறந்துவிட்டால் பொத்தான் வேறொரு மேக்ரோவோடு இணைந்திருக்கிறது. பெயரை மாற்றிய பிறகு பழைய பொத்தானை நீக்கிப் புதிதாகச் சேர்க்க வேண்டும், அவுட்லுக் தானாக மாற்றிக்கொள்ளாது.

ஓடுகிறது என்று தெரிந்துவிட்டதா? கோடில் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' இருந்தால் அந்த வரிக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு முடக்குங்கள். பிழை வந்தாலும் வாயைத் திறக்காதே என்று மேக்ரோவுக்குச் சொல்லும் வரி அது. அதை வைத்துக்கொண்டு கோளாறு தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி கோப்பது மாதிரி. முடக்கியதும் பாதிப் பேருக்கு ஒரு பிழை எண் திரையில் வந்து நிற்கும். அவர்கள் அறிகுறி 3-க்குப் போகலாம்.

எண் எதுவும் வராதவர்கள் கணக்கை ஒதுக்கும் வரியைப் பாருங்கள். அது இப்படி இருக்க வேண்டும் (மெயில், கணக்கு இரண்டும் உங்கள் மேக்ரோவின் மாறிகள்):

செட் மெயில்.சென்ட்யூசிங்அக்கவுன்ட் = கணக்கு

முன்னால் 'செட்' இருக்கிறதா? கணக்கு என்பது எழுத்தோ எண்ணோ அல்ல, ஒரு பொருள். பொருளை ஒதுக்க 'செட்' வேண்டும். அது இல்லாவிட்டால் சில சமயம் பிழை காட்டும். சில சமயம் ஒன்றும் சொல்லாமல் முதன்மைக் கணக்கிலேயே விட்டுவிடும், அதுதான் ஆளைக் குழப்புகிறது. சமக்குறிக்கு வலப்பக்கம் மேற்கோளுக்குள் முகவரியை நேரடியாக எழுதியிருந்தாலும் நடக்காது. சென்ட்யூசிங்அக்கவுன்ட் என்ற இந்தப் பண்பு (பிராப்பர்ட்டி) அவுட்லுக் 2007-ல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய காலத்துக் கோடை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தால் இந்த வரியே இருக்காது.

அடுத்தது எண். 'அக்கவுன்ட்ஸ்.ஐட்டம்(2)' என்று எழுதியிருந்தால் அது இரண்டாவது கணக்கை எடுக்கும். இன்று இரண்டாவதாக இருப்பது நாளை மூன்றாவதாகும். புதுக் கணக்கு சேர்த்தாலும், ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும், கணினியே மாறினாலும் வரிசை கலையும். நான் எழுதிக்கொடுத்த ஒரு மேக்ரோ இப்படித்தான் ஒருவருடைய விலைப்பட்டியலைச் சொந்த முகவரியிலிருந்து வாடிக்கையாளருக்கு அனுப்பி வைத்தது. அன்றோடு எண்ணை விட்டேன். எல்லாக் கணக்குகளையும் 'ஃபார் ஈச்' போட்டுச் சுற்றிவந்து, ஒவ்வொன்றின் எஸ்எம்டிபிஅட்ரஸ் பண்பையும் நமக்கு வேண்டிய முகவரியோடு ஒப்பிட்டு, பொருந்தியதை எடுப்பதே உருப்படியான வழி. ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் எல்கேஸ் போட்டுச் சிறிய எழுத்தாக்கிவிடுங்கள். பெரிய எழுத்து ஒன்று குறுக்கே வந்தாலும் பொருந்தாது. டிஸ்பிளேநேம் பண்பை நம்ப வேண்டாம். அதை யார் வேண்டுமானாலும் கணக்கு அமைப்பில் போய் 'அலுவலகம்' என்று மாற்றிவிட்டுப் போகலாம்.

முகவரியை வைத்துத் தேடியும் பொருந்தவில்லை என்றால், அந்தச் சுற்றுக்குள் 'டீபக்.பிரின்ட்' போட்டு ஒவ்வொரு முகவரியையும் அச்சிடச் சொல்லி, கண்ட்ரோல் ஜி அடித்துத் திறக்கும் சாளரத்தில் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் தேடும் முகவரி அதில் இருக்கிறதா?

*இருக்கிறது.* எழுத்துப் பிழை, அல்லது மேற்கோளுக்குள் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு இடைவெளி. பட்டியலிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

*இல்லை, ஆனால் இடதுபக்கம் அந்தப் பெட்டி ஃபோல்டர்களோடு தெரிகிறது.* இது பகிர்ந்த அஞ்சல்பெட்டி. எக்ஸ்சேஞ்ச் (நிறுவனத்தின் மெயில் சர்வர்) நிர்வாகி உங்களுக்கு அனுமதி கொடுத்ததும் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குக் கணக்கு மாதிரியே இருந்தாலும் உங்கள் கணக்கில் தொங்கும் ஒரு கூடுதல் பெட்டிதான் அது. அக்கவுன்ட்ஸ் தொகுப்பில் வராது. இங்கே சென்ட்யூசிங்அக்கவுன்ட் எத்தனை தடவை எழுதினாலும் பலனில்லை. சென்ட்ஆன்பிஹாஃப்ஆஃப்நேம் என்ற பண்பில் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். அது வெறும் எழுத்து என்பதால் 'செட்' கூடாது, மேற்கோள் போதும். இரண்டு பெயரும் காதுக்கு ஒரே 'சென்ட்' என்றே தொடங்கும். ஆங்கிலத்தில் முதலாவது நிகழ்காலச் சொல், இரண்டாவது இறந்தகாலச் சொல், கடைசி எழுத்து வேறு. தட்டும்போது கவனம்.

*இல்லை, அது வெறும் மாற்றுப்பெயர் முகவரி.* ஒரே பெட்டிக்கு வரும் இரண்டாவது முகவரிக்கும் தனிக் கணக்கு கிடையாது. எக்ஸ்சேஞ்சில் மாற்றுப்பெயரிலிருந்து அனுப்புவதை நிர்வாகி மொத்த நிறுவனத்துக்கும் இயக்கிவைத்தால்தான் நடக்கும்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. சிலர் ஐட்டம்சென்ட் நிகழ்வில், அதாவது 'அனுப்பு' அழுத்திய பிறகு, கணக்கை மாற்றப் பார்ப்பார்கள். அது சில கணினிகளில் நடக்கும், சிலவற்றில் நடக்காது. நான் அதில் நாள் கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது அங்கே கணக்கை மாற்றுவதேயில்லை. தவறான கணக்கு என்று தெரிந்தால் 'கேன்சல் = ட்ரூ' என்று அனுப்புவதை நிறுத்தி ஒரு எச்சரிக்கைப் பெட்டி காட்டுவதோடு சரி. மாற்றுவதை மெயில் திறக்கும் நேரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

அறிகுறி 3: பிழை எண் வருகிறது

91 வந்தால், ஏதோ ஒரு மாறி காலியாக இருக்கிறது. பொருந்திய கணக்கு கிடைக்காமலே ஒதுக்கும் வரிக்கு வந்திருக்கும். சுற்று முடிந்ததும் 'கணக்கு இஸ் நத்திங்' என்று, அதாவது மாறி காலியா என்று சோதித்து, ஆமாம் என்றால் ஒரு செய்தி காட்டிவிட்டு வெளியேறச் சொல்லுங்கள். மெயிலிலிருந்து சென்ட்யூசிங்அக்கவுன்ட்டைப் படிக்கும் வரியிலும் 91 வரலாம். கணக்கை யாரும் தேர்ந்தெடுக்காமல் முதன்மையில் விட்டிருந்தாலோ, குறித்து வைத்த கணக்கை நீக்கிவிட்டிருந்தாலோ அங்கே நத்திங்தான் கிடைக்கும்.

13 என்றால் வகை பொருந்தவில்லை. மெயில் என்று நினைத்து மேக்ரோ பிடித்தது ஒரு சந்திப்பு அழைப்பாகவோ, பணிக் குறிப்பாகவோ இருக்கும். தொடக்கத்திலேயே 'ஐட்டம்.கிளாஸ்' 43-ஆ என்று பாருங்கள், 43 என்பது மெயில். 438-ம் பெரும்பாலும் இதே கதைதான், இல்லாவிட்டால் பண்பின் பெயரில் எழுத்துப் பிழை.

'வரிசை எண் எல்லைக்கு வெளியே' என்ற பொருளில் செய்தி வந்தால், இரண்டு கணக்கு மட்டுமே உள்ள கணினியில் மூன்றாவதைக் கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன எண் சமாச்சாரம்தான்.

அறிகுறி 4: புது மெயிலில் சரியாக வருகிறது, பதில் மெயிலில் இல்லை

தனிச் சாளரத்தில் பதில் எழுதுகிறீர்களா, படிக்கும் பலகத்துக்குள்ளேயே எழுதுகிறீர்களா? அவுட்லுக் 2013 முதல் பதில் மெயில் பலகத்துக்குள்ளேயே திறக்கிறது. மேக்ரோ வழக்கமாகக் காத்திருக்கும் நியூஇன்ஸ்பெக்டர் நிகழ்வு தனிச் சாளரத்துக்கு மட்டுமே எழும், பலகத்துக்கு எழாது. பலகத்துக்கென்று எக்ஸ்ப்ளோரரில் (அவுட்லுக்கின் முதன்மைச் சாளரத்துக்கு விபிஏ வைத்த பெயர்) இன்லைன்ரெஸ்பான்ஸ் என்ற தனி நிகழ்வு இருக்கிறது. அதையும் பிடிக்க வேண்டும். கோடைத் தொட விருப்பமில்லை என்றால் மெயில் ஆப்ஷன்ஸில், பதில்களைப் புதிய சாளரத்தில் திறக்கும் கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்து கொடுக்கிறேன்.

அறிகுறி 5: கையால் கணக்கை மாற்றினாலும் பழையபடி திரும்பிவிடுகிறது

மேக்ரோ ஆக்டிவேட் நிகழ்வில் இருக்கிறது. அங்கே வைப்பது சரிதான், ஏனென்றால் நியூஇன்ஸ்பெக்டர் எழும் நேரத்தில் சாளரம் இன்னும் திரைக்கே வந்திருக்காது. ஆனால் ஆக்டிவேட், அந்தச் சாளரத்துக்கு நீங்கள் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எழும். வேறொரு சாளரத்தில் எதையோ நகலெடுத்துவிட்டு வந்தாலே மேக்ரோ மறுபடி ஓடி உங்கள் தேர்வை அழித்துவிடும். ஒரு முறை ஓடியதும் கொடி மாறியில் குறித்துவைத்து, அடுத்த முறை தாண்டிப் போகச் சொல்லுங்கள். கூடவே 'ஐட்டம்.சென்ட்' ஃபால்ஸாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இதுவும் அந்த இறந்தகாலச் சொல்தான். இல்லாவிட்டால் வந்த மெயிலைப் படிக்கத் திறக்கும்போதுகூட மேக்ரோ அதில் கை வைக்கும். மூடும்போது 'மாற்றங்களைச் சேமிக்கவா' என்று அவுட்லுக் கேட்கும்.

அறிகுறி 6: கணக்கு சரி, கையொப்பம் தவறு

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் கணக்கு, அப்புறம் டிஸ்பிளே (மெயிலைத் திரையில் காட்டும் கட்டளை), அதற்கப்புறம்தான் உள்ளடக்கம். டிஸ்பிளே ஆகும்போதுதான் கையொப்பம் உள்ளே வரும். கையொப்பமே காணோம் என்றால், மெயிலின் உள்ளடக்கத்தைத் தாங்கும் பாடி பண்பில் நேராக எழுதி அதை அழித்திருப்பீர்கள். உங்கள் வாசகத்தோடு ஏற்கெனவே உள்ள ஹெச்டிஎம்எல்பாடியையும் பின்னால் சேர்த்து எழுதினால் இரண்டும் இருக்கும். அந்தக் கணக்குக்குக் கையொப்பம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்பதையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 7: உங்கள் திரையில் சரி, பெறுபவருக்கு வேறு மாதிரி தெரிகிறது

'இன்னார் சார்பாக இன்னார்' என்று இரண்டு பெயர் தெரிந்தால், உங்களுக்கு இருப்பது சார்பாக அனுப்பும் அனுமதி மட்டும். அந்த முகவரியாகவே அனுப்ப 'சென்ட் ஆஸ்' அனுமதி வேண்டும். மெயில் திரும்பி வந்து, அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை என்று சொன்னால் இரண்டுமே இல்லை. பகிர்ந்த பெட்டிக்கு இரண்டும் நிர்வாகி கொடுப்பது. மேக்ரோவைக் கிளறிப் பயனில்லை.

கணக்கு அமைப்பில் அனுப்பும் சர்வராக ஜிமெயிலைப் போட்டு, முகவரி மட்டும் வேறொன்று எழுதியிருந்தால், ஜிமெயில் அனுப்புநர் முகவரியைத் தன்னிடம் உள்நுழைந்த முகவரியாக மாற்றிவிடும். ஜிமெயில் அமைப்பில் அந்த இன்னொரு முகவரியைச் சேர்த்துச் சரிபார்த்துக்கொடுத்தால் விட்டுவிடும்.

அனுப்பிய பிரதி பகிர்ந்த பெட்டியில் இல்லாமல் உங்கள் 'சென்ட் ஐட்டம்ஸில்' விழுவது கோளாறு அல்ல, சென்ட்ஆன்பிஹாஃப்ஆஃப்நேம் அப்படித்தான் நடந்துகொள்ளும். பகிர்ந்த பெட்டியிலும் ஒரு பிரதி வைக்கும்படி நிர்வாகி எக்ஸ்சேஞ்சில் இயக்கிவைக்கலாம்.

அறிகுறி 8: எக்செலிலிருந்து அனுப்பும்போது மட்டும் கோளாறு

அவுட்லுக் திறந்திருக்கிறதா? மூடியிருக்கும்போது எக்செல் அதைச் சாளரம் இல்லாமல் எழுப்பும். மெயில் அவுட்பாக்ஸிலேயே தங்கிவிடும். அவுட்லுக்கைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அடுத்து, மெயில் மாறியை 'ஆப்ஜெக்ட்' என்று பொதுவாக அறிவித்திருந்தால், டூல்ஸ், ரெஃபரன்சஸில் அவுட்லுக் நூலகத்தை டிக் செய்து 'அவுட்லுக்.மெயில்ஐட்டம்' என்று அறிவித்துப் பாருங்கள். ஒதுக்காமல் அடம்பிடித்த கணக்கு இதற்குப் பணிந்துவிட்டதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். எக்செல் கோப்பையே இணையத்திலிருந்து இறக்கியிருந்தால் அதன் மேக்ரோ தடுக்கப்பட்டிருக்கும். கோப்பில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அன்பிளாக். யார் அனுப்பிய கோப்பு என்று தெரிந்தால் மட்டும்.

ஒரு நிரல் உங்கள் பெயரில் அனுப்பப் பார்க்கிறது என்று எச்சரிக்கை வந்தால், அந்தக் கணினியின் வைரஸ் தடுப்பு காலாவதியாகியிருக்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கையை அணைப்பது எப்படி என்று தேடுவதைவிட அதைப் புதுப்பிப்பது மேல்.

எப்போது விட்டுவிட வேண்டும்

எல்லாம் பார்த்தும் தீராவிட்டால், கடைசியாக நீங்களே செய்யக்கூடியது கண்ட்ரோல் பேனலில் மெயில் என்பதைத் திறந்து ஒரு புது ப்ரொஃபைல் (கணக்குகளும் அமைப்புகளும் அடங்கிய தொகுப்பு) உண்டாக்குவது. அதற்குமுன் எடிட்டரில் ஃபைல், எக்ஸ்போர்ட் வழியாக மாட்யூல்களை (மேக்ரோக்கள் எழுதப்பட்ட பக்கங்களை) வேறொரு இடத்தில் சேமியுங்கள். அந்த ஓடிஎம் கோப்பையும் நகலெடுங்கள். பழைய ப்ரொஃபைலை உடனே நீக்க வேண்டாம். உங்கள் மெயில் பாப் கணக்கில் வருவது, எல்லாம் இந்தக் கணினியில் மட்டுமே இருக்கிறது என்றால் இந்த வேலையில் தனியாக இறங்காதீர்கள். தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய மேக்ரோ அமைப்பு, சென்ட் ஆஸ் அனுமதி, மாற்றுப்பெயரிலிருந்து அனுப்புதல், பகிர்ந்த பெட்டியில் பிரதி: இந்த நான்கும் நிர்வாகியின் கையில்தான் இருக்கின்றன. அவரிடம் 'மேக்ரோ வேலை செய்யல' என்று போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார். டீபக்.பிரின்ட் காட்டிய பட்டியல், திரும்பி வந்த மெயிலின் முழு வாசகம், மேக்ரோ இல்லாமல் 'ஃப்ரம்' பெட்டியில் கையால் தேர்ந்தெடுத்து அனுப்பினால் போகிறதா இல்லையா என்ற ஒரு சோதனை, இந்த மூன்றையும் கொண்டுபோங்கள். கையால் அனுப்பியும் போகவில்லை என்றால் பேச்சு அனுமதியில் தொடங்கும், மேக்ரோ பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். அனுமதி கொடுத்தாலும் அது அமலுக்கு வர ஒரு மணி நேரம்வரை ஆகலாம். அதற்குப் பிறகு அவுட்லுக்கை ஒரு முறை மூடித் திறந்துவிட்டுச் சோதியுங்கள்.